நான்காவது வசனம்

மகனுக்கு,

உன் தந்தை எழுதுவது. நலம் விசாரிக்கும் வரிகளை இம்முறை தவிர்க்கிறேன். முந்தைய மூன்று கடிதங்களிலும் விசாரித்தேன், பதில் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் குடிநீர் ஆய்வகத்தில் அறிக்கை எழுதியவன் நான். ஆகவே என் குறைகளைத் தேதிவாரியாகத் தருகிறேன்.

1. ஜனவரி 9: நீ கதை எழுதிக்கொடுக்கும் இணைய விளையாட்டில் 'கிணற்றுக் காவலன்' என்ற தேடல், அதாவது ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய ஒரு கிளைக்கதை, வெளியானது. எனக்கு நீ தெரிவிக்கவில்லை. உன் அத்தை மகள்தான் சொன்னாள்: "மாமா, அதுல ஒரு ஆளு வர்றான். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு தண்ணிய வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கறான். அப்படியே நீங்கதான்!"

2. ஜனவரி 11: அவள் அதை விளையாடிக் காட்டினாள். தெருக்கோடி வீட்டில் நோயில் கிடக்கும் ஒரு பெண், வழிப்போக்கனாக வரும் ஆட்டக்காரனிடம் தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, ஊர்க் கிணற்றைக் காக்கும் தன் கணவனிடம் சேர்க்கச் சொல்கிறாள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடியே பேசுகிறாள். அந்தப் பழக்கம் உலகில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதை எடுத்தாள நீ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

3. அதே நாள்: பாத்திரத்தை வாங்கிய காவலன், "இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்" என்கிறான். வழிப்போக்கன் திரும்பி வரும்போது அவள் இறந்திருக்கிறாள். ஓடிப் போனாலும், குதிரையில் போனாலும் இறந்துவிடுகிறாள். விளையாடியவனுக்குப் பரிசு, முந்நூறு அனுபவப் புள்ளிகளும் ஓர் இரும்புக் கரண்டியும்.

4. பிப்ரவரி 11: கிணற்றடியில் ஆட்டக்காரர் கூட்டம் கூடிக் காவலன்மீது அழுகிய முட்டைக்கோசு எறிந்தது. "யோவ் கண்ணாடி, பொண்டாட்டி சாகக் கிடக்கா, நீ தண்ணிய மோந்து பாத்துட்டு நிக்கிறியே, மனுசனாய்யா நீ?" என்று ஒருவன் எழுதினான். நாற்பத்தாறு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

5. ஏப்ரல் 18: முன்னறிவிப்பின்றித் தேடல் நீக்கப்பட்டது. முடிக்காமல் வைத்திருந்தோரின் தேடல்கள் ரத்து செய்யப்பட்டன.

முதல் நான்கையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஐந்தாவதற்காகவே இந்தக் கடிதம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. பிரதானக் குழாயில் கழிவுநீர் கலந்த வாரம் அது. மூன்று குடியிருப்புகளில் குழந்தைகள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். நான் நான்கு நாட்கள் ஆய்வகத்தைவிட்டு நகரவில்லை. உன் அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று தெரியும். அந்த வாரம் அது மோசமானது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் முற்பகல் நீ தூக்குப் பாத்திரத்தோடு ஆய்வக வாசலுக்கு வந்தாய். "அம்மாவுக்கு முடியலை" என்று நீ சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். கையில் சோதனைக் குழாயோடு நின்றிருந்த நான், காவலன் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நீ திரும்பிப் போனாய். மதியம் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. வீட்டுக்குள் நுழைந்தவனிடம், "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாய். அதன்பின் கையெழுத்துத் தேவைப்பட்டபோது மட்டும் பேசினாய். பிறகு அதுவும் தேவைப்படாத தொலைவுக்குப் போய்விட்டாய்.

நீ நடந்த அந்த வழியில்தான் இலட்சம் பேரை நடக்க வைத்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

பிப்ரவரி 4 அன்று என் பெயரிலேயே கணக்குத் தொடங்கினேன். அவளிடமிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். கிணற்றுக்குப் போய்க் காவலனிடம் பேசினால்தான் தேடல் நகரும். நகர்ந்தால் அவள் இறப்பாள். நான் பேசவில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து, அவள் வாசலில் இருக்கும் மரப் பெஞ்சில் என் உருவத்தை உட்கார வைப்பேன். அவள் மாற்றி மாற்றி மூன்று வசனங்கள் சொல்வாள்: வெயிலைப் பற்றி, பாத்திரத்தின் மூடியைப் பற்றி, தெருநாயைப் பற்றி. ஏழரைக்கு எழுந்து சமைப்பேன்.

உன் அத்தை மகள் சிரித்தாள்: "மாமா, ஊரே டிராகனைக் கொல்லப் போகுது, நீங்க யாரு வீட்டு வாசல்லயோ காத்து வாங்கறீங்க. லெவல் ஒன்னுலயே ரிடையர் ஆயிடுவீங்க போலிருக்கே!" வழியில் போன கவசக்காரன் ஒருவன், "தாத்தா, ஹேங் ஆயிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று பதில் எழுதினேன். "அப்ப சரி, உக்காருங்க" என்று சொல்லி, ஒரு ரொட்டியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான்.

பெஞ்சைவிட்டு ஒரே ஒரு நாள் எழுந்தேன். மேலே நான்காவதாகக் குறித்த நாள் அது. காவலனிடம் பேசாமல், கூட்டத்தோடு நின்று, நானும் ஒரு முட்டைக்கோசு எறிந்தேன். குறி தவறவில்லை.

நாற்பதாம் நாள், மார்ச் 15, அவள் வாயிலிருந்த கொண்டை ஊசியை எடுத்தாள். அதுவரை எடுத்ததே இல்லை. பிறகு சொன்னாள்: "அவரை வரச் சொல்லாதே, கண்ணு. சொன்னா வந்துடுவாரு. ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. சாப்பிட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வா."

ஊசி மறுபடி வாய்க்குப் போனது. மறுபடி வெயில், மூடி, தெருநாய்.

அத்தை மகள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். விளையாட்டின் ஒவ்வொரு கல்லையும் பட்டியலிட்டு வைத்திருப்பவர்களும் 'மனைவி: மூன்று வசனங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள். நான்காவதை எவரும் கேட்டதில்லை. சராசரி ஆட்டக்காரன் இந்தத் தேடலை ஆறு நிமிடங்களில் முடித்துவிடுகிறானாம். நாற்பது நாள் அவளிடம் வந்து உட்காருபவனுக்காக மட்டும் அந்த வரியை நீ வைத்திருக்கிறாய். அப்படி உட்காரக்கூடியவன் யார் என்று நினைத்து வைத்தாய்?

கேள்வி இதுதான். அவள் அதைச் சொன்னாளா, நீ எழுதினாயா?

சொன்னாள் என்றால், என்னைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்பதை அவள் அறிந்திருந்தாள். அதை நீ எட்டு ஆண்டுகள் உன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைக் குற்றவாளியாக நடமாடவிட்டாய். நீ எழுதினாய் என்றால், பேச முடியாதவளின் வாயில் மன்னிப்பைத் திணித்திருக்கிறாய். அது போலி மருந்து. இரண்டில் எதுவானாலும் உன்னை மன்னிக்க என்னால் இயலாது. எது என்று தெரியாமலிருக்க அதைவிடவும் இயலாது. வாசலில் நீ கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி முதலாவதன் பக்கம் சாய்கிறது. ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவெழுதுவது என் தொழிலில் குற்றம்.

நேரில் கேட்கவே மறுபடி மறுபடி அவளிடம் போய்க்கொண்டிருந்தேன். இன்னொரு நாற்பது நாளில் ஐந்தாவது வசனம் இருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தேன். ஆறு நாட்கள் மீதி இருக்கும்போது நீக்கினார்கள். இப்போது அந்த இடத்தில் குதிரை லாயம் இருக்கிறது. பையில் எழுபத்து நான்கு நாட்கள் இருந்த தூக்குப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் நிறுவனத்துக்கு எழுதினேன். 'வீரர்களிடையே ஆர்வம் குறைந்ததால் உள்ளடக்கம் நீக்கப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. இழப்பீடாக இறகு வைத்த ஒரு தொப்பியும் தந்தார்கள். நீக்கச் சொன்னது அவர்களா, நீயா என்பதையும் தெரிவிக்கவும். நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நீக்கினாய் என்றால், அதைச் சொல்ல வேண்டாம்.

மே 31 அன்று பணி ஓய்வு பெறுகிறேன். அன்றே இந்தக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அதன்பின் இந்த முகவரிக்கு வரும் கடிதம் எவர் கையிலும் சேராது. புதிய முகவரி எதையும் நான் இன்னும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை, செய்யும் எண்ணமும் வரவில்லை. தொலைபேசி வேண்டாம். நேரிலும் வர வேண்டாம். நீ வாசலில் நின்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு வரி போதும். உன் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

அவள் கேட்டுவரச் சொன்னதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்: சாப்பிடவில்லை. நீ வைத்துவிட்டுப் போன பாத்திரத்தை இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன். கெட்டுப் போயிருந்தது. கழுவி வைத்திருக்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

பதில் மே 30, மாலை ஐந்து மணிக்குள், எழுத்தில்.

இப்படிக்கு,
தந்தை