படிக்காமல் போட்ட கட்டைவிரல்

நாகல் நகர், திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. மெல்போர்னில் குளிர் அதிகம் என்றாய், தொண்டையைக் கவனித்துக்கொள், முன்பு அது உன் தொண்டை, இப்போது உன் பிழைப்பு. நீ அனுப்பிய செய்திக்குப் பத்து நாளாக நான் பதில் போடவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். படிச்சதுக்கு நீலக் கோடு விழுந்திருக்கு, கட்டைவிரல் மட்டும் வரல, அத்தாவுக்கு என்ன கோவம்னு கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை தாயே. பழைய கம்பெனி மறுபடியும் கூப்பிடுகிறது, போய்ச் சேருவதா அல்லது அடுத்த ஆல்பத்தைத் தொடங்குவதா, போன தடவை மாதிரியே நீங்க சொல்லுங்க அத்தா, அதன்படி செய்றேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் ‘போன தடவை மாதிரி’ என்ற இடத்தில்தான் என் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் மழுப்பிவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். கம்பெனிக்கு இந்த மாதக் கடைசி வரை தவணை இருக்கிறது என்றாயே, அதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் ‘இரண்டு சதவீதம்’ ஆல்பம் இப்போது எங்கள் வண்டியில் வியாழக்கிழமை தோறும் ஓடுகிறது. பாஸ்கலை உனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், அய்யலூர்ச் சந்தையிலிருந்து என் ஆடுகளை ஏற்றி வருகிற வண்டிக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். போனில் சார்ஜ் தீரப்போகிற நேரம்தான் இந்த ரெண்டு சதவீதம் என்று எனக்கு விளக்கியவரே அவர்தான். சந்தையில் வண்டி எடுக்கும்போது போட்டால் பதினோரு பாட்டும் முடிகிற நேரத்துக்கு நாகல் நகர் வந்துவிடுகிறது. வாராவாரம் புதுக் கிடாக்கள், முதல் பாட்டில் அந்த டிரம் விழுந்ததும் மிரண்டு முட்டிக்கொள்ளும், மூன்றாவது பாட்டில் அடங்கிவிடும். நானும் அப்படித்தான் அடங்கினேன். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, தகர ஷெட்டில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருந்தது. பாஸ்கல்தான், ‘அண்ணே, சத்தத்த விடுங்க, செத்த நேரம் பாப்பா சொல்ற சொல்ல மட்டும் கேளுங்க’ என்றார். அதற்கப்புறம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பதினோரு பாட்டையும் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவது பாட்டில் செத்துப்போன சிநேகிதிக்கு வருடா வருடம் போன் பிறந்தநாள் ஞாபகப்படுத்துகிறது என்று வருகிறதே, அதை எழுதும்போது அழுதுவிட்டேன். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு யாரு அந்தப் பிள்ளை, அவ அம்மாவுக்கு யாராச்சும் போன் பண்றாங்களா என்று கேட்கச் சொன்னாள், மறக்காமல் எழுது. உன்னோடு டிரம் அடிக்கிற பெண்ணுக்குச் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். அந்தப் பெண் அதை எங்கே கட்டப்போகிறாள் என்றேன், கட்டலைன்னா டிரம்மு மேல போத்தட்டும் என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆல்பம் முழுக்க நீ யாரைத் திட்டியிருக்கிறாய் என்று நோட்டில் எழுதினபோதுதான் எனக்கு உறைத்தது. படிக்காமலே இதயம் போடுகிறவர்கள், பார்க்காமலே சூப்பர் என்கிறவர்கள், அடுத்தவர் துக்கத்தை விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் என்று பத்துப் பாட்டில் உலகத்தையே பிடித்து உலுக்கிவிட்டு, பதினோராவது பாட்டில் மட்டும் என்னைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டாய். நான் நீளமாக எழுதினேன், அத்தா ஒரு விரலில் பதில் சொன்னார், அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன் என்று பாடியிருக்கிறாய். தெருவில் எல்லோரும் கேட்டாயிற்று. டீக்கடையில் எனக்குக் கட்டைவிரல் பாய் என்றே பெயர். பொறந்தா இப்படி ஒரு தகப்பனுக்குல்ல மகளாப் பொறக்கணும் என்று சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த விரல் எப்படி விழுந்தது என்று கேள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்ரீத், அதற்கு முன்னால் வந்த வியாழக்கிழமை. சந்தையில் கால் வைக்க இடமில்லை. உடையப்பன் என்று வடமதுரைப் பக்கத்து விவசாயி, பன்னிரண்டு கிடா பிடித்துக்கொண்டு நின்றார், அம்புட்டும் தேறின கிடா. இரண்டு பேரும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கிறோம், உனக்குத்தான் தெரியுமே, அந்த நேரம் கையை எடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். வலது கை துண்டுக்குள்ளே, சட்டைப்பையில் போன் துடிக்கிறது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன், உன் பெயர், கீழே எறும்பு வரிசை மாதிரி நீளமாக ஏதோ. கண்ணாடி வண்டியில் கிடந்தது. என் மகள் எழுதினால் நல்ல சேதியாகத்தான் இருக்கும், பக்ரீத்துக்குப் பணம் அனுப்பியிருப்பாள் என்று நினைத்து, கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டு போனைப் பையில் போட்டேன். அவ்வளவுதான் மஹ்ஜபீன். நீ வேலையை விடட்டுமா என்று உயிரைக் கொடுத்துக் கேட்டிருந்தாய், நான் கிடா வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கண்ணாடி போட்டுப் படித்தேன். உடனே உன்னைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லலாமென்று போனை எடுத்தால், அதற்குள் நீ ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே பேசி அனுப்பியிருக்கிறாய். அத்தா, நீங்க ஒரு செகண்டு கூட யோசிக்கலையேத்தா என்று. அதைக் கேட்ட பிறகு எந்தத் தகப்பனுக்கு வாய் வரும். படித்திருந்தால் நான் கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, இரண்டு வருடமாக உங்க ஒத்த விரலால வந்த வினை என்று சொல்லிக் காட்டினாள். இல்லாத தைரியத்துக்கு அவளிடம் திட்டும் வாங்கிக்கொண்டேன், ஊரில் மாலையும் வாங்கிக்கொண்டேன். போன வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பார், அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. படிச்சுட்டுப் போட்டதுக்குத் திட்டினேன், இனி படிக்காமப் போட்டதுக்குத் திட்டணும், மொதல்லேருந்து ஆரம்பிக்கிறேன் என்றாள். பிறகு அவளே, அந்தப் புள்ள உங்கள நம்பி மறுபடி கேக்குது, இந்தத் தடவையாச்சும் படிச்சுட்டுச் சொல்லுங்க என்றாள்.

நாற்பது வருடத்தில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நான் ஒரு ஆடு வாங்கினதில்லை. பெற்ற மகளின் வாழ்க்கைக்கு மட்டும் பார்க்காமல் கைபோட்டிருக்கிறேன். அது எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அதனால்தான் அந்த நோட்டு. பத்து நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கிட்டார் நல்ல கிட்டாரா என்று எனக்குத் தெரியாது, பாஸ்கல் நல்லது என்கிறார். ஆனால் நீ எழுதியிருக்கிற சொல்லில் பொய் இல்லை, அது எனக்குத் தெரியும். பொய்யான சரக்கை விற்கிறவனை மூன்றாம் பேச்சிலேயே பிடித்துவிடுவேன், உன்னிடம் பதினோரு பாட்டிலும் பிடிக்க முடியவில்லை. ஒரே ஒரு பொய்தான் இருந்தது, அது நான் சொன்ன பொய்.

ஆகவே கேட்டதற்குப் பதில். கம்பெனிக்குப் போகாதே. அடுத்த ஆல்பத்தைப் பாடு. பணத்துக்குக் கை நொடித்தால் வெட்கப்படாமல் சொல், நொடிக்காவிட்டாலும் வருடத்துக்கொரு முறை வந்து முகத்தைக் காட்டு. அந்தக் கடைசிப் பாட்டை இனிமேல் பாடப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, எனக்கு வருத்தமில்லை, டீக்கடையில் நான் சமாளித்துக்கொள்வேன். என் மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், மூன்றாம் நாள் அம்மாவுக்குப் போன் போடு. வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடி, வேளைக்குச் சாப்பிடு, பாட்டு எழுதுகிறேன் என்று தொழுகையைத் தள்ளிப் போடாதே. அல்லாஹ் உன் குரலுக்கும் உன்னோடு வாசிக்கிற பிள்ளைகளின் கைகளுக்கும் பரக்கத் தரட்டும். அந்த டிரம் பெண்ணின் புடவை அளவு வேண்டாம், ஜாக்கெட் அளவு மட்டும் அனுப்பு என்று அம்மா ஞாபகப்படுத்துகிறாள்.

பத்தாவது வரை படித்து, கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அத்தா நான், நாளைக்குத் தபால் ஆபீசில் மைப்பெட்டி கேட்டு வாங்கிக் கைநாட்டும் வைப்பேன். அங்கே வேலை பார்க்கிற அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கத்தான் செய்யும், பார்க்கட்டும்.

உன் அத்தா,
நூர் முகமது

இடது கைக் கட்டைவிரல். கண்ணாடி போட்டு, முழுவதும் படித்துவிட்டு வைத்தது.