காற்று நாற்பத்தெட்டு

மார்ச் 3

கிரேன் அறையில் புதுத் திரை வைத்துவிட்டார்கள். காற்றின் வேகம், மணிக்கு எத்தனை தூக்கு, எல்லாம் தெரியும். காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தொட்டால் சிவப்பு, அதுவரை பச்சை. இனிமேல் பயமில்லாமல் தூக்கலாம் என்றார் இன்ஜினியர். இதுவரை எனக்குத் துணை, ஜன்னலுக்கு வெளியே கம்பியில் கட்டிய சிவப்பு நாடாதான். அது படுத்துப் பறந்தால் நிறுத்துவேன். கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

மார்ச் 7

மணிக்குப் பன்னிரண்டு தூக்கு. முன்பு எட்டு. இரண்டாவது கிரேன்காரர் பதின்மூன்று. யார் எத்தனை தூக்கு என்ற பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. எனக்குப் போட்டி பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 12

கீழே நின்று எனக்குச் சைகை காட்டுகிறவர் விசில் அண்ணன். பாதிப் பேச்சு விசிலில்தான். சாப்பிடும்போது மேலே காற்று எப்படி என்று கேட்டார். நாற்பத்தாறு, பச்சைதான் என்றேன்.

"இங்க என் ஹெல்மெட்டே பறக்குது. உன் பச்சைக்கு அது தெரியுமா?"

சிரித்தேன்.

மார்ச் 13

மழை. வேலை இல்லை. நாள் முழுக்கப் படித்தேன்.

மார்ச் 16

இன்று தூக்கியது கண்ணாடிப் பலகை. காற்று நாற்பத்தெட்டு. நிறுத்து என்று அண்ணன் இரண்டு முறை ஊதினார். கேட்டது. கேட்டதுதானே? திரையைப் பார்த்தேன் — பச்சை — இறக்கினேன். பலகை காற்றில் திரும்பி, அவர் கையைக் கிழித்துக்கொண்டு தூணில் மோதி நொறுங்கியது. ஆறு தையல். ஒரு சாண் முன்னால நின்னிருந்தா? ஐயோ, என்ன பண்ணிருப்பேன் நான்.

மார்ச் 17

அறிக்கை வந்தது: விதிமீறல் இல்லை. திட்டியிருக்கலாம்.

நாடா இருந்தபோது சந்தேகம் வந்தாலே நிறுத்தினேன். இப்போது ஐம்பது வரை போகலாம் என்று எடுத்துக்கொண்டேன். வேலி போட்டுக் கொடுத்தார்கள். வேலியோரம் வரை உழுதுவிட்டேன்.

மார்ச் 18

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் விடும்மா. நான் ஊதினா நிறுத்துவியா, மாட்டியா?"

நிறுத்துவேன் என்றேன். தையல் பிரித்ததும் வருவதாகச் சொன்னார்.

மார்ச் 30

அண்ணன் வந்தார். நாடாவை மறுபடி கட்டினேன், யாரையும் கேட்கவில்லை. காற்று நாற்பத்தொன்றில் விசில். நிறுத்தினேன். நிறுத்தினால் திரை காரணம் கேட்கிறது: காற்று, பழுது, இடைவேளை, மற்றவை. ஐம்பதுக்குக் கீழே 'காற்று' என்று அழுத்த விடாது. 'மற்றவை' என்று போட்டேன்; அதுவும் வாசல் பட்டியலில் ஏறும். மணிக்கு ஒன்பது. இன்ஜினியர் என்ன ஆச்சு என்றார். விசில் கேட்டது என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 9

இன்றும் பட்டியலில் நான்தான் கடைசி. ஆனால் இரண்டாவது கிரேன்காரர் பெயருக்கு நேரே, முதல் முறையாக, 'மற்றவை' மூன்று. அண்ணாந்து பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியில் ஒரு நீலத் துணி, பாதி படுத்துப் பறந்துகொண்டிருந்தது.