மெதுவாக வாசிக்கத் தெரியாத அண்ணனுக்கு

என் பிரியத்துக்குரிய அருள் அண்ணா,

நீ இருக்கிற இடத்திலாவது முடியை வெட்டச் சொல்லி யாரும் உன்னைத் துரத்தாமல் இருக்கட்டும்.

இரண்டாயிரத்து நாலில் இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த அந்த மனுஷனிடம் கூலிக்குப் பதிலாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்தாய். சிவப்பு நிறம், ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்தது. மரக்காணத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒன்றை யாராவது பார்த்திருப்பார்களா?

உடைந்த டேப்ரெக்கார்டரைப் பிரித்து நீயே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தாய். முதல் தடவை கம்பியைத் தட்டியபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்துவிட்டு, வெயிலில் வெந்துபோய் வந்து படுத்திருந்த அப்பா எழுந்து வந்து வாசலில் நின்றார். திட்டவில்லை. "இது பாட்டா, ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையான சண்டை புடவையால் வந்தது. உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன என்று, செத்துப்போன அம்மாவின் நூல் புடவையில் கிட்டாரைச் சுற்றி வைத்திருந்தாய். அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"உங்கம்மா புடவதான் கெடச்சுதாடா இந்தக் கருமத்துக்கு?"

"அதுதாம்பா மெத்துன்னு இருக்குது."

நீ நிஜத்தைத்தான் சொன்னாய். ஆனால் அன்றிலிருந்து அப்பா உன்னோடு பேசுவதை விட்டுவிட்டார். "செலினு, உங்க அண்ணன சாப்புடச் சொல்லு" என்பார். நீ எதிரிலேயே உட்கார்ந்திருப்பாய். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பாய். ஒரு வருஷத்துக்கும் மேல் உங்கள் இருவருக்கும் நடுவில் நான் தபால்காரி. எத்தனை தடவை அழுதிருக்கிறேன், எத்தனை தடவை சிரிப்பை அடக்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா?

அடுத்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குத் திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய ஆர்கெஸ்ட்ரா வரவில்லை. வேன் வழியில் நின்றுவிட்டது. மேடை தயார், ஜெனரேட்டர் தயார், ஊரே தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஃபாதர்தான், "நம்ம அருள் பசங்க வாசிக்கட்டுமே" என்றார். உன்னோடு சேர்ந்து வாசிக்கிற உன் சிநேகிதன் பாஷா, கோட்டக்குப்பத்திலிருந்து டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

மாதா பாட்டில்தான் ஆரம்பித்தீர்கள். மெதுவாக, நல்ல பிள்ளைகள் மாதிரி. அப்புறம் நீ காலால் ஏதோ ஒரு பெடலை அழுத்தினாய். அந்தப் பாட்டு கிழிந்து உள்ளேயிருந்து வேறொன்று வெளியே வந்தது. எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. பின்னால் இருந்த இளவட்டங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "இது கோயிலா, பேய் ஓட்டுற எடமா?" என்று கத்தியபடி சூசைப் பெரியப்பா ஜெனரேட்டரை நிறுத்தப் போனார்.

அவருக்கு முன்னால் போய் நின்றது யார் தெரியுமா? நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய், உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அப்பா.

"வழி விடுறா. கர்மம், காது வலிக்குது" என்றார் பெரியப்பா.

"எனக்குந்தாண்ணே வலிக்குது. ஆரம்பிச்சுட்டான், முடிக்கட்டும். வீட்டுக்கு வரட்டும், நான் கேட்டுக்கறேன்."

தம்பி இப்படி எதிரே நிற்பார் என்று பெரியப்பா நினைக்கவேயில்லை. முனகிக்கொண்டே போய்விட்டார். நீ முடிக்கிற வரைக்கும் அப்பா அந்த ஜெனரேட்டர் பக்கத்திலேயே புகையில் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்கத்தான் செய்தார். என்னிடம் இல்லை, உன்னிடமே.

"ஏண்டா அவ்ளோ சத்தம்? மெதுவா வாசிச்சா ஆகாதா?"

"மெதுவா வாசிச்சா அது நான் வாசிக்கிற மாதிரி இருக்காதுப்பா."

அப்பா சோற்றுத் தட்டை உன் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்புறம், "சாப்புடு" என்றார்.

நீ தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் கண்ணீர் சோற்றில் விழுந்ததை நான் பார்த்தேன், அண்ணா. இப்போது சொல்லலாம் அல்லவா?

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட நீ இருக்கவில்லை. பாண்டிச்சேரியில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது ஈசிஆர் ரோட்டில் மழை, எதிரே லாரி. அடக்கம் முடிந்ததும் அப்பா பாஷாவிடம், "கிட்டார நீ எடுத்துக்கினு போப்பா. இங்க இருந்தா துருப்புடிச்சிடும்" என்றார்.

பாஷா துபாய் போய்விட்டு வந்து இப்போது கோட்டக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். சூசைப் பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே உன்னிடம் வந்திருந்தால் சத்தம் போட்டே வரவேற்றிருப்பாய்.

போன வாரம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் பிரித்த நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்குப் பசங்க எத்தன பேருங்க ஐயா?"

"ரெண்டு பேரும்மா. இது பொண்ணு. பையன் கிட்டார் வாசிப்பான்."

நீ இருந்த வரைக்கும் யார் கேட்டாலும் "கரண்ட் வேலை பாக்குறான்" என்றுதான் சொல்வார்.

"நல்லா வாசிப்பாருங்களா?"

"ரொம்ப சத்தமா வாசிப்பான்" என்றார் அப்பா.

நீ இல்லை என்று நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் இத்தனை நாள் பேச்சை மாற்றிவிடுவேன். இனி மாற்ற மாட்டேன். எனக்கு ஒரு அண்ணன், கிட்டார் வாசிப்பான் என்று சொல்லுவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செலின்
மரக்காணம்