சாவடி வாசல்

கருக்களாச்சேரி
17-1-1955

அஞ்சுகம்,

பிரசவத்துக்குப் போன இடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள். திருக்கடையூர் ரேக்ளா பந்தயத்தில் எந்த மாடு ஜெயித்தது என்று எழுதச் சொல்லியிருந்தாய். மயிலைக் காளைகள்தான். அதற்கு மேல் கேட்காதே.

அம்மா லேசில் கிளம்பவில்லை. "அந்தப் பக்கம் எனக்கு என்னடா வேல?" என்றாள். கால்வலியால் மீன் கூடை சுமந்து விற்பதை விட்டபின் அவள் எல்லை தாண்டிப் பொறையாறு பக்கமே போனதில்லை. கூட்டத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "பிரெஞ்சுக்காரன் போயாச்சு, எல்லைச் சாவடியும் காலி. ராணி மாதிரி உக்காந்து வாம்மா" என்று விடாப்பிடியாக வண்டியில் ஏற்றினேன். அப்பாவும் வந்தார். பின் வண்டியில் என் ஆபீஸ்காரர்கள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்ற இடம், அந்தச் சாவடி.

அம்மா தானாக இறங்கினாள். கட்டுச்சோற்று மூட்டையைத் தரையில் அவிழ்த்து வைத்தாள். முந்தானையை உதறினாள். பூட்டிய கதவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தபடி நின்றாள். அத்தனை வருஷம் கூடையோடு போனவளைச் சாவடிக்காரர்கள் அங்கே அப்படித்தான் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

பின் வண்டியில் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் தானும் கையை விரித்து நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, "விட்டுட்டாங்க, புள்ள. வா, போவலாம்" என்றார்.

நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

உன் வீட்டுக்காரன்