வத்தல் குடோனிலிருந்து உலகத் தரவரிசை வரை

என் ஆசை மாப்ள ஜமாலுக்கு,

கூடைப்பந்து உலகத் தரவரிசை மறுபடியும் வந்துவிட்டது. நீ இருந்தால் வெளியான கையோடு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பாளையம்பட்டிக்கு என் பஞ்சர் கடை தேடி வந்திருப்பாய். இப்போது நானே தேடிப் படிக்கிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு டியூபே ஒட்டிவிடலாம்.

முதலில் சேதி. அமெரிக்காதான் இன்னும் உச்சியில். ஜெர்மனியும் செர்பியாவும் அதன் குதிகாலை மிதிக்கிற தூரத்தில் வந்துகொண்டிருக்கின்றன. உன் பிலிப்பைன்ஸ் ஆசியாவில் நல்ல இடத்தில் இருக்கிறது, கவலைப்படாதே. நம் இந்தியா எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில், தண்ணீர் லாரியைத் தேடும் குடம் மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தியா மேலே வரும்வரை பொழுது போக வேண்டுமே என்று ஆளுக்கொரு நாட்டைத் தத்தெடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ கத்தாரில் வேலை பார்த்தபோது உன் அறையில் தங்கிய பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வெயிலில் பந்து ஆடியதால் உனக்கு பிலிப்பைன்ஸ். "நம்ம உசரந்தான் மாப்ள இருப்பாங்க. ஆனா ஊரே பந்தும் கையுமா அலையும்" என்பாய். நான் லித்துவேனியாவை எடுத்தேன். அது எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது. பெயரைக் கேட்டால் மருந்துக்கடையில் சீட்டு நீட்டி வாங்கும் மாத்திரை மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

யார் நாடு இறங்குகிறதோ அவன் அன்றைக்குச் சர்க்கரை இல்லாத டீ குடிக்க வேண்டும் என்று நீதான் சட்டம் போட்டாய். நீ போனபிறகு இரண்டு நாடும் என் தலையில் விழுந்தன. எது இறங்கினாலும் சர்க்கரை எனக்குத்தான் இல்லை. டாக்டர் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். "முருகேசன், சுகரு நல்லா கொறஞ்சிருக்கு, என்ன பண்ணுறீங்க?" என்று கேட்டார். லித்துவேனியா தோற்றது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

இனி முக்கியமான சேதிக்கு வருகிறேன். உன் மருமகன், என் மகன் கார்த்தி உன்னைவிட ஒரு தலை உயர்ந்துவிட்டான். ஆடி மாதம் சென்னையில் மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அதில் தேறினால்தான் பின்னால் இந்திய முகாமுக்கு வழி. அவனுக்கு ராத்திரி பகல் அதே கனவு. நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன்.

பெரிய மூடிய அரங்கம், மாப்ள. மரத்தரை கண்ணாடி மாதிரி மின்னியது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்த ஒரே தகப்பன் நான்தான்.

கார்த்தி ஓடினான், பந்தைப் பறித்தான், எல்லாம் சரி. ஆனால் தூரத்திலிருந்து போட்ட ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒவ்வொன்றும் வளையத்தின் இடது விளிம்பில் தட்டிவிட்டு வெளியே போனது. நம் ஊர் சிமெண்டுத் தரையில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன் அவன்.

தேர்வாளர் ஒரு வயதான மனிதர். அணியில் எடுக்கவில்லை. ஆனால் வெளியே வரும்போது என்னைக் கூப்பிட்டு, "உங்க பையன் எல்லாத்தையும் ஒரே இடத்துலதான் தவறவிடுறான். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு போனா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். இன்னும் ரெண்டு இடம் நிரப்பல. ஐப்பசியில திரும்பக் கூட்டிட்டு வாங்க, அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் கார்த்தி பையைக்கூட வைக்காமல் நேரே நம் மைதானத்துக்குப் போய்ப் பந்தைப் போட்டான். அத்தனையும் உள்ளே. மறுபடி போட்டான். மறுபடியும் உள்ளே. கீழே உட்கார்ந்து அழுதுவிட்டான். உள்ளே போகவில்லை என்று அழுகிறவனைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போகிறதே என்று அழுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவனைத் தேடிச் சாப்பாட்டுத் தூக்கோடு செல்வி வந்தாள். கூடப் பிறக்காத உன் தங்கச்சிதான் தெரியுமே, வாசலில் நிற்கும்போதே முறைப்பாள். பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"என்ன காத்து இது, கண்ணெல்லாம் மண்ணு. ஏங்க, அங்கயும் இப்பிடித்தான் காத்தடிச்சிச்சா?"

"மூடுன கட்டடத்துக்குள்ள ஏது காத்து?" என்றேன்.

"அப்ப இவன் எந்தக் காத்துக்குப் போட்டான்?"

நானும் கார்த்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாள் முழுக்கக் காற்றடித்துப் பிழைக்கிறவன் நான். எனக்குத் தோன்றவில்லை பார்.

எல்லாம் உன் வேலைதான். ஆடிக் காற்றில் பந்து நிற்காமல் திணறியபோது, நம் எல்லாருக்கும் நீதானே சூத்திரம் சொன்னாய்? "பாலவனத்தம் பக்கமா ஒரு சாண் தள்ளிப் போடுலே. காத்து கொண்டாந்து உள்ள சேத்துரும்." நாம் பழகினோம், நம்மைப் பார்த்து நம் பிள்ளைகள் பழகினார்கள். சென்னையில் காற்றே இல்லாத அரங்கத்துக்குள் நின்று என் மகன் பாலவனத்தம் பக்கமாக, அதாவது இடது பக்கமாக, ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறான். அன்றைக்கு உன்னைத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே சிரித்தேன். செல்வி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

சரி, காற்றில்லாத இடத்துக்கு எங்கே போவது? நம் பக்கத்தில் மழை இல்லாத இடம் கேட்டால் கை காட்டலாம். கடைசியில் உன் அண்ணன் காதர்தான் கைகொடுத்தார். பாலவனத்தம் ரோட்டில் அவருடைய மிளகாய் வத்தல் குடோன் பாதி காலியாகக் கிடந்தது. போய் நின்றேன்.

"அவன் இருந்தப்பயும் இதே ரோதனை, இப்ப நீயா?" என்றார். சாவியைக் கொடுக்கும்போது, "மூட்டையில பந்து பட்டுச்சு, உன்னையத்தான் வத்தலோட காயப் போடுவேன்" என்றும் சொன்னார். மறுநாள் போனால் வளையத்தை அவரே ஆள் வைத்து மாட்டியிருந்தார். பந்து பட்டால் சிந்தக் கூடாது என்று மூட்டைகளையும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

குடோனுக்குள் காற்று அசையாது. ஆனால் நெடி இருக்கிறதே, அப்பா. முதல் வாரம் கார்த்தி பந்து போட்டது பாதி, தும்மியது பாதி. பந்து பொறுக்கிப் போட நின்ற எனக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். வழியில் போனவர்கள் வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார்கள். வலது பக்கம் கையைத் திருப்ப அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனசு நேராகப் போடச் சொல்லும், கை பாலவனத்தத்துக்குப் போகும். பிறகு ஒரு நாள் விளிம்பில் தட்டாமல் நேராக விழுந்தது. வலை மட்டும் சத்தம் போட்டது. காதர் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு டீயும் வடையும் வந்தது.

ஒரு விஷயம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. தரவரிசையில் சொந்த மண்ணில் ஜெயிப்பதைவிட வெளிநாட்டில் போய் ஜெயித்தால் ஏன் மதிப்பு அதிகம் என்று உன்னிடம் கேட்டேன். "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காத்து இருக்கும்ல மாப்ள" என்றாய். பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதை என் மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

தோற்றாலும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கணக்குப் பார்ப்பார்கள் என்றும், பழைய ஆட்டங்களின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகும் என்றும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். அப்போது அது அநியாயமாகப் பட்டது. இப்போது பெரிய ஆறுதலாக இருக்கிறது. ஆடியில் தோற்றது ஐப்பசிக்குள் தேய்ந்திருக்கும்தானே? ஒழுங்கான அரங்கம்கூட இல்லாமல் ஆடிப் பழகிய தெற்கு சூடான் ஒலிம்பிக் வரை போய் வந்துவிட்டது. நமக்கு ஒரு வத்தல் குடோனாவது இருக்கிறது.

இன்று சாயங்காலம் கார்த்தி மறுபடியும் சென்னைக்குப் பஸ் ஏறினான். இந்தத் தடவை என்னை வர வேண்டாம் என்றுவிட்டான். "நீங்க வந்தா செருப்பக் கழட்டிருவீங்கப்பா" என்றான். சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஒருவேள தோத்துட்டா?" என்று கேட்டான்.

"எவ்வளவு வித்தியாசத்துல தோத்தன்னு கேட்டுட்டு வா. உன் ஜமால் மாமா அதைத்தான் மொதல்ல கேப்பான்" என்றேன்.

சிரித்தான். பஸ் கிளம்பும்போது சன்னலுக்கு வெளியே விரலை நீட்டிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். பிறகு கையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியைச் சாத்தினான். எனக்கு அது போதும், மாப்ள. பையன் புரிந்துகொண்டான்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். இந்தியா ஐம்பதுக்குள் வருவதைக் கண்ணால் பார்க்காமல் நான் மேலே உன்னிடம் வருவதாக இல்லை. அதில் கார்த்தி ஆடினாலும் சரி, வேறு எந்த ஊர்க் காற்றில் வளர்ந்த பிள்ளை ஆடினாலும் சரி. என்னைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால், நம் பையன்களுக்காக நீயும் அங்கே கொஞ்சம் துஆ செய். அதுவரை உன் பிலிப்பைன்ஸுக்கும் சேர்த்து நானே சர்க்கரை இல்லாமல் குடிக்கிறேன்.

உன் தங்கச்சியைக் கட்டிய பாவத்துக்கும்
லித்துவேனியாவைத் தத்தெடுத்த பாவத்துக்கும் ஆளான
உன் மாப்ள,
முருகேசன்