ஒருவருக்கு ஒன்பது நாள்

மார்ச் 4

அன்புள்ள காட்டுராணிக்கு,

நலம். நீயும் நலம்தானே? ஏழு வருடம் கழித்துக் கடிதம் எழுதுகிறானே, என்ன வம்போ என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடும், அதனால்தான் பேனா.

உன் டிராவல்ஸ் ஆபீசுக்கு வாடிக்கையாளனாக எழுதுகிறேன். ஆப்பிரிக்கா போக வேண்டும். ஒன்பது நாள், ஒருவருக்கு. நீயேதான் திட்டம் போட்டுத் தர வேண்டும். சாப்பாட்டு மேசையில் நான் புரூஃப் திருத்திக்கொண்டிருப்பேன், நீ எதிரே உட்கார்ந்து போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பாய்: "காலையில ஆத்துமேல பனி எழும்புங்க. அதுக்குள்ளேருந்து யானைங்க ஒண்ணொண்ணா வரும். கால் தெரியாது, மெதந்து வர்ற மாதிரி இருக்கும்." நான் ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன். அந்த ஆற்றைப் பார்க்க வேண்டும்.

முன்பு ஒருமுறை நான் அங்கே போக இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றபோது, "சீசன் நேரம், என்னால நகர முடியாது" என்றாய். அந்தக் கதையை இப்போது கிளறவில்லை. சரி, கிளறிவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் பழைய வீட்டுக்காரன்


மார்ச் 15

அன்புள்ள புரூஃப் ரீடருக்கு,

"பழைய" என்பதை அடித்துவிட்டேன். சட்டப்படி இன்னும் நடப்பில்தான் இருக்கிறீர்கள்.

ஏழு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு யானை பார்க்க வேண்டுமாம்! கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் கை தானாகத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டது. முதல் இரண்டு நாள் சமவெளி. புல் இடுப்பு உயரம் நிற்கும்; காற்று வந்தால் தரையே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பிறகு மூன்று நாள் ஏரிக்கரை. கடைசி நான்கு நாள் நீங்கள் கேட்ட ஆறு.

முகாமுக்கு முகாம் எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானத்தில் போக வேண்டும். பதினைந்து கிலோவுக்கு மேல் சாமான் கூடாது. அதுவும் துணிப்பைதான், சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டுபோனால் பைலட் இறக்கிவைத்துவிடுவார். யாரை எங்கே உட்காரவைப்பது என்பதையும் அவர் எடை பார்த்துத்தான் முடிவு செய்வார். அதனால் இதோடு வைத்திருக்கும் படிவத்தில் உங்கள் எடையை உண்மையாக எழுதுங்கள். ஆண்கள் எல்லோரும் ஐந்து கிலோ குறைத்துத்தான் எழுதுகிறார்கள். நானும் சத்தம் போடாமல் ஐந்து கூட்டிப் போட்டுவிடுவேன்.

இன்னமும் சட்டப்படி,
உங்கள் மனைவி


மார்ச் 29

அன்புள்ளவருக்கு,

படிவம் வந்தது. ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கதோஷத்தில் ஐந்து கூட்டினேன். ஐம்பத்தாறு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் எண்பத்திரண்டு. சட்டைக்குச் சட்டை பட்டன் தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

எண் மாறிப்போயிற்று என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அடுத்தவன் புத்தகத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தவற விடாத மனுஷன், தன் எடையைத் தப்பாக எழுதுவாரா? ஆபீசில் எல்லோரும் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 7

அன்புள்ள காட்டுராணிக்கு,

முதலில் கண்ணைத் துடைத்துக்கொள். வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. "எங்கயாவது போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அடுத்த வருஷம்னு தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை.

முதலிலேயே சொல்லியிருந்தால் பாவம் பார்த்திருப்பாய். அது எனக்கு வேண்டாம். அந்த ஆறு போதும். திட்டத்தை மாற்றாதே.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 13

அன்புள்ளவருக்கு,

மாற்றிவிட்டேன். சமவெளியும் கிடையாது, ஏரியும் கிடையாது. போக ஒரு விமானம், வர ஒரு விமானம். ஒன்பது நாளும் ஆற்றங்கரையில்தான். ஜூன் 9 புறப்பாடு. இருவருக்கு.

நீங்கள் டிக்கெட்டோடு வந்த அன்றைக்குச் சீசனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குப் பயம். நான் அங்கே போனதே இல்லை. வழிகாட்டிகள் போனில் சொன்னது, போய்வந்தவர்கள் காட்டிய படம், இவற்றை வைத்து நானாகக் கட்டிவைத்த ஊர் அது. நேரில் போய் அது சப்பென்று இருந்துவிட்டால்? உங்கள் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் போய் உங்களையே இழந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

"வராதே" என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேன். பாவம் பார்த்து வரவில்லை. உங்களோடு இருக்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மனைவி


ஜூன் 13, ஆற்றங்கரை முகாம்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கூடாரத்துக்குள் தூங்குகிறீர்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வந்து மூன்று நாளாகப் பக்கத்திலேயே இருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதி எழுதியே பழகிவிட்டது நமக்கு.

நான் சொன்ன ஆறு இது இல்லை. அகலம் பாதிகூட இல்லை. பனி எழும்பக் காணோம், கொசுதான் எழும்புகிறது. யானை ஒன்றுகூட வரவில்லை. நேற்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "பரவால்ல, நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்" என்றீர்கள். நானும் போனில் சொல்வதைப் போலவே சொன்னேன். உங்கள் முகம் சுருங்கவே இல்லை. இதற்கா ஏழு வருடத்தைத் தொலைத்தேன்?

இருங்கள். எதிர்க்கரையில் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்து நிற்கிறது. தண்ணீர் வேண்டும், கழுத்து எட்டவில்லை. முன்னங்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டுகிறது. சறுக்கியதும் பதறி நிமிர்கிறது. சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி அகட்டுகிறது. எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். இத்தனை பயத்தோடு குடிக்கும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும்போது தண்ணீர் வெயிலில் வளைந்து சிதறுகிறது.

உங்களுடையது மாத்திரை போட்ட தூக்கம், கலைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் இது போய்விடும். இதை நான் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். கையெழுத்துப் போட நேரமில்லை, எழுப்பப் போகிறேன்.