பதிலுக்கு விட்ட இடம்

வெள்ளி, ஜூலை 11

டவுணில் பழைய சாமான் கடையில், கிராமபோனுக்கும் வால்வு ரேடியோவுக்கும் நடுவே ஒரு டேப் ரெக்கார்டர் கிடைத்தது. ஓடுகிறதா என்று பார்க்க, கல்யாணமான புதிதில் சவுதியிலிருந்து கடிதம் எழுதுவதற்குப் பதிலாக அவர் பேசி அனுப்பிய கேசட்டை, கையோடு கொண்டுபோயிருந்தேன், போட்டேன்.

“ஆமினா, சாப்பிட்டியா?”

பிறகு டேப் சும்மா ஓடியது. நான் பதில் சொல்லட்டும் என்று அப்படித்தான் இடம் விட்டுப் பேசுவார்.

“சாப்பிட்டேன்” என்றேன், என்னையறியாமல்.

“என்னம்மா சொல்லுதிய?” என்றார் கடைக்கார அண்ணாச்சி. வெட்கமாகப் போய்விட்டது.

இப்போதும் அவர் சவுதியில்தான். தினமும் வீடியோவில் வருகிறார். இன்றும் “சாப்பிட்டியா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கேசட்டின் மறுபக்கத்தை இன்னும் கேட்கவில்லை. அதில் அவர் காத்திருப்பார்.